வெறிச்சோடிய படித்துறை: ஆள் இல்லாத குளியலிடங்கள் நம்மை ஏன் இழுக்குது?

(பேசியதைப் படிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் ஈரமான விஷயம். ஆனா தண்ணி இருக்காது.

2019-க்கு அப்புறம் இணையத்துல 'லிமினல் ஸ்பேஸ்'னு ஒரு வகைப் படங்கள் பரவ ஆரம்பிச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மஞ்சள் சுவர், டியூப் லைட், ஆள் இல்லாத வராண்டா. அதுலயே ஒரு கிளை 'பூல்ரூம்ஸ்'. முழுக்க வெள்ளை டைல்ஸ், அசையாத நீலத் தண்ணி, யாருமே இல்லாத குளியல் கூடங்கள். பார்த்தா பயம்னு சொல்ல முடியாது, அழகுன்னும் சொல்ல முடியாது. ஒரு மாதிரி இருக்கும். கண்ணை எடுக்கவும் முடியாது.

இந்த 'ஒரு மாதிரி'க்கு மார்க் ஃபிஷர்னு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் நல்ல விளக்கம் கொடுத்திருக்கார். 2016-ல வந்த 'தி வியர்ட் அண்ட் தி ஈரி'ங்கிற புத்தகத்துல. எதுவும் இருக்கக் கூடாத இடத்துல ஏதோ ஒண்ணு இருந்தாலோ, ஏதோ ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல எதுவுமே இல்லைன்னாலோ இந்த உணர்வு வருது. கூடவே ஒரு கேள்வியும் வருது: இதுக்குப் பின்னாடி யாரு?

நான் அந்தக் கேள்வியை எடுத்துக்கிட்டு எங்க ஊர்ப் பக்கம் வர்றேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டுக்கும் நடுவுல பஸ்ல அரை மணி நேரம்கூட ஆகாது. நம்ம ஊர்ல குளியல் கூடம்னு தனிக் கட்டடம் குறைவு. நம்ம பொதுக் குளியலறைங்கிறது குளம், கிணறு, ஆறு, அதுக்கு இறங்குற படித்துறை. அந்தப் படிகள்ல பெரும்பாலானது இன்னைக்குக் காலி. யாரு காலி பண்ணது?

குளிக்கக் கூப்பிட்ட ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்த இலக்கியத்தை ஒருதடவை இந்தக் கண்ணோட பாருங்க. ஆண்டாளோட திருப்பாவை, 30 பாசுரம். அதுல முதல் பாசுரமே மார்கழி பௌர்ணமி அன்னைக்கு நீராட வாங்கன்னு கூப்பிடுற அழைப்பு. அடுத்தடுத்து வர்ற பாட்டுகள்ல தூங்குற தோழிகளை வீடு வீடா எழுப்புறது எல்லாம் அந்தக் கூட்டுக் குளியலையும் நோன்பையும் சுத்தித்தான் நடக்குது.

பெரியாழ்வார் பாடல்கள்ல ஒரு பதிகம் முழுக்க யசோதை கண்ணனைக் குளிக்கக் கூப்பிடுறது. வெண்ணெயும் புழுதியுமா நிக்கிற பையனைக் குளிப்பாட்ட ஒரு அம்மா படுற பாடு.

இதைவிட எனக்கு முக்கியமாப் படுறது நாச்சியார் திருமொழியோட மூணாவது பதிகம். பொழுது விடியறதுக்கு முன்னாடி பொய்கைக்குக் குளிக்க வந்த பொண்ணுங்க. கரையில வச்ச துணியைக் கண்ணன் எடுத்துக்கிட்டு மரத்துல ஏறிட்டான். தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அவங்க கெஞ்சுறாங்க. மீன் காலைக் கடிக்குது, தாமரைத் தண்டு காலைச் சுத்துது, மத்தவங்க எல்லாரும் வந்துட்டாங்க, யாராவது பார்த்தா என்ன ஆகும்னு கவலைப்படுறாங்க. பக்தியா, விளையாட்டா எப்படி வேணா படிக்கலாம். ஆனா அதுக்கு அடியில ஒரு நடைமுறைத் தகவல் இருக்கு: பொது இடத்துல குளிக்கிற பொண்ணு இருட்டைத்தான் கதவா வச்சிருந்தா. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

வாத்தை வேட்டின்னு நினைச்ச காவல்காரன்

16-ஆம் நூற்றாண்டுல இன்னொருத்தர் இதே ஊரைப் பத்தி எழுதினார். அவர் தமிழ்ல எழுதல. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தெலுங்குல எழுதின 'ஆமுக்தமால்யதா'. பெரியாழ்வார், ஆண்டாள் கதைதான் அதோட அடிப்படை. ராஜபாளையத்துல வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுற ராஜுக்கள் குடும்பங்களைத் தெரிஞ்சவங்களுக்கு, இந்த ரெண்டு ஊருக்கும் தெலுங்குக்கும் உள்ள உறவு புதுசா இருக்காது.

அதுல வில்லிபுத்தூர் வர்ணனையில ஒரு காட்சி வரும். என் சொல்லுல சொல்றேன். விடியற்காலை. வயல் வாய்க்கால் ஓரத்துல வாத்துகள் தலையை இறக்கைக்குள்ள நுழைச்சுக்கிட்டு தூங்குது. அதைப் பார்த்த காவல்காரங்க, காலையில குளிச்சுட்டுப் போன அந்தணர்கள் துவைச்சுச் சுருட்டின துணியை மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைக்கிறாங்க. எடுத்துக் கொடுக்கலாம்னு தண்ணிக்குள்ள இறங்குறாங்க. வாத்து படபடன்னு பறந்துடுது. நெல்லுக்குக் காவல் இருக்கிற பொண்ணுங்க பார்த்துச் சிரிக்கிறாங்க.

ஐந்நூறு வருஷப் பழைய காமெடி சீன். இதுல குளிக்கிறவங்க யாருமே இல்லைங்கிறதைக் கவனிங்க. எல்லாரும் குளிச்சுட்டுப் போயாச்சு. மிஞ்சினது காலியான துறையும், துணி மாதிரி தெரியுற வாத்தும். இந்தக் காலித் துறை யாரையும் பயமுறுத்தல. ஏன்னா நாளைக்குக் காலையில திரும்ப ஆள் வரும்னு எல்லாருக்கும் தெரியும். சிலர் குளிக்கிறாங்க, சிலர் அந்த நேரத்துக்கு வேலையில நிக்கிறாங்கன்னும் அந்தக் காட்சியிலயே தெரியுது. அதுக்கும் திரும்ப வருவோம்.

வருஷத்துல எட்டு நாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்ல திருமுக்குளம்னு ஒரு குளம். ஆண்டாள் கோயிலோட தீர்த்தம். கங்கை, யமுனை, சரஸ்வதி மூணும் சேர்ந்த இடம்னு தலபுராணம் சொல்லுது, அதான் 'முக்குளம்'. அதோட கரையில ஒரு நீராட்டு மண்டபம் இருக்கு. மார்கழி கடைசியில நடக்கிற எண்ணெய்க் காப்பு உற்சவத்துக்கு ஆண்டாள் கோயில்ல இருந்து புறப்பட்டு, வீதி வழியா இந்த மண்டபத்துக்கு வர்றாங்க. தலைவாரி, மூலிகைத் தைலம் சாத்தி, திருமஞ்சனம். எட்டு நாள் இது நடக்கும். அந்தத் தைலத்தைப் பிரசாதமா வாங்க மக்கள் நிப்பாங்க.

மீதி நாள்ல அந்தக் கரை எப்படி இருக்கும்? விழா இல்லாத ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்து பாருங்க. மண்டபத்தோட நிழல், புறாச் சத்தம், கீழே இறங்கிப் போற படிகள். குளம் நிறைஞ்ச வருஷமும் உண்டு, வறண்டு கிடந்த வருஷமும் உண்டு. நான் போனப்ப எனக்கு உடனே தோணினது அந்த பூல்ரூம்ஸ் படங்கள்தான். ஒரு மாபெரும் குளியலறை, குளிக்க ஆள் இல்லை.

ஆனா ஒரு வித்தியாசம் இருந்துச்சு. இந்த இடத்துக்குக் காலண்டர்ல ஒரு தேதி இருக்கு. கோவா ட்ரிப் முடிஞ்சு பூட்டின ரிசார்ட் மாதிரி இது இல்லை. அடுத்த மார்கழியில இங்க குளியல் நடக்கும். ஊர்க்காரங்க வீட்டுக்குள்ள ஷவர்ல குளிக்கிற காலத்துலயும், பொதுவுல குளிக்கிற வழக்கத்தை அவங்க சார்பா ஆண்டாள் விடாம வச்சிருக்காங்க.

காரணம் ஒண்ணு: தண்ணி நின்னுபோச்சு

சரி, குளியலிடங்கள் ஏன் காலியாகுது? மூணு காரணம் சொல்றேன். முதல் ரெண்டும் சுலபம்.

முதல் காரணம், தண்ணி வர்ற வழி அடைபட்டது. ரோம்ல கராகல்லா குளியல் கூடம் கி.பி. 216-ல திறந்தாங்க. ஊரே குளிக்கிற அளவுக்குப் பெரிய கட்டடம். 537-ல ஊரை முற்றுகையிட்ட கோத் படைகள் நகரத்துக்கு வர்ற நீர்க்கால்வாய்களை உடைச்சாங்க. கட்டடம் அப்படியே நின்னுச்சு. ஆனா குழாய் வறண்டதும் அது வெறும் சுவர்.

கிருஷ்ணதேவராயரோட தலைநகருக்கே அதுதான் நடந்துச்சு. ஹம்பியில இன்னைக்கு 'ராணி குளியல்'னு காட்டுற கட்டடம் வெளியில இருந்து பார்த்தா சாதாரணச் சுவர். உள்ளே போனா சதுரமான தொட்டி, சுத்தி வராண்டா, தொட்டி மேல நீட்டிக்கிட்டு இருக்கிற அலங்கார மாடங்கள். பக்கத்துலயே 1980-கள்ல மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த ஒரு படிக்கட்டுக் குளம். கறுப்புக் கல்லுப் படிகள்ல, எந்தக் கல்லு எங்க பொருந்தணும்னு கொத்தர்கள் போட்ட அடையாளங்கள் இன்னும் இருக்கு. அசெம்பிளி மேனுவல் கல்லுமேலயே எழுதி வச்ச மாதிரி! 1565 தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் அந்த நகரம் விழுந்துச்சு, தண்ணி கொண்டு வந்த கால்வாய்களும் சேர்ந்து செத்துச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் வாய்க்கால்ல தூங்குற வாத்தைப் பாடின ராஜாவோட ஊர்க் குளத்துல தண்ணி இல்லை.

நம்ம பக்கத்துல மதுரை. திருமலை நாயக்கர் 1645-ல வெட்டின வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். வைகையில இருந்து தண்ணி வரணும். வரத்து அடைபட்ட காலத்துல அது பசங்க கிரிக்கெட் கிரவுண்டா இருந்ததை மதுரைக்காரங்க நல்லாச் சொல்வாங்க. அப்புறம் கால்வாயைச் சரி பண்ணித் தண்ணி விட்டதும் குளம் திரும்பக் குளமாச்சு. அதனால இந்த வகைக் காலி நிரந்தரமில்லை. இது ஒரு டிபெண்டன்ஸி ப்ராப்ளம். மேல இருக்கிற கண்மாய், வாய்க்கால், ஓடை சரியா இருந்தா கீழே இருக்கிற குளம் தானா ஓடும்.

காரணம் ரெண்டு: குளியல் வீட்டுக்குள்ள வந்துருச்சு

ஜப்பான்ல 'சென்டோ'ன்னு தெருவுக்குத் தெரு பொதுக் குளியல் கூடம் இருந்துச்சு. சுவர்ல ஃபூஜி மலை ஓவியம், பெரிய வெந்நீர்த் தொட்டி. 1968-ல நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 18,000 இருந்துச்சு. இப்போ 2,000-க்கும் கீழே. யாரும் இடிக்கல, யாரும் தடை போடல. வீட்டுக்கு வீடு பாத்ரூம் வந்துச்சு, அவ்வளவுதான்.

ராஜபாளையத்துலயும் அதே கதைதான், வேற வேகத்துல. 1936-ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சாங்க, ஊர் பஞ்சாலை ஊராச்சு. ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுற ஊர்ல, விடியற்காலையில எல்லாரும் சேர்ந்து ஆத்துக்குப் போற நேரம்னு ஒண்ணு எப்படி நிக்கும்? மேற்கே மலையடிவாரத்துல ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அய்யனார்கோவில் ஆத்துத் தண்ணி அங்க தேங்கி, ஊருக்குக் குழாய்ல வருது. முன்னாடி நாம தண்ணியைத் தேடிப் போனோம். இப்போ தண்ணி நம்மளைத் தேடி வருது. எத்தனை நாளைக்கு ஒருதடவை வரும்ங்கிறது வேற விஷயம். டிரம் பிடிச்சு வைக்கிற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

இந்த இடத்துலதான் நம்ம தலைமுறைக்கு ஒரு ஏக்கம் வரும். 'ச்சே, எல்லாரும் சேர்ந்து குளிச்சு, கதை பேசி, எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!' எனக்கும் வந்துச்சு. எங்க அம்மாச்சிகிட்டக் கேட்டேன். "அம்மாச்சி, கண்மாய்ல போய் குளிச்சது எல்லாம் ஞாபகம் வருமா?"

"ஏன் வராது ராசா? இருட்டோட போகணும். வெளுக்கிறதுக்குள்ள ஈரச் சேலையைச் சுத்திக்கிட்டு வீடு வந்து சேரணும். எவன் கரையில நிக்கிறானோன்னு பார்த்துக்கிட்டே குளிக்கணும். மாசத்துல அந்த மூணு நாளு இன்னும் பாடு. தட்டி வச்சு மறைச்சு உங்க தாத்தா ஒரு குளியலறை கட்டுனாரு பாரு, அன்னைக்குத்தான் நான் நிதானமா மஞ்சள் தேச்சுக் குளிச்சேன்."

நாச்சியார் திருமொழியில அந்தப் பொண்ணுங்க பட்ட அதே கவலை. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகியும் மாறாத ஒண்ணு, ஒரு தாழ்ப்பாள் வந்ததும் மாறிருச்சு. எங்க அம்மாச்சிக்கு அந்தக் காலித் துறை அமானுஷ்யமா தெரியல. அது அவங்க நிம்மதியா விட்டுட்டு வந்த இடம். ஆனா அதே மூச்சுல இன்னொண்ணும் சொன்னாங்க: "பேசுறதுக்குத்தான் அப்புறம் ஆளே இல்லாமப் போச்சு." ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை அழிக்க வேண்டாம்.

காரணம் மூணு: யாரு அங்க எப்பவுமே இல்லை?

இப்போ கஷ்டமான பகுதி.

பொதுக் குளியல்னு சொல்றோமே, அந்தப் 'பொது'வுல யாரு யாரு இருந்தாங்க? ஆம்பளைக்கு ஒரு துறை, பொம்பளைக்கு ஒரு துறைங்கிறது மட்டும் இல்லை. சாதிக்கு ஒரு துறை. சில சாதிகளுக்குத் துறையே கிடையாது. நம்ம ஊர்க் குளக்கரைகள்ல இது விதிவிலக்கு இல்லை, இதுதான் விதி.

1927 மார்ச் 20. மகாராஷ்டிராவுல மகத் ஊர். சவுதார் குளத்துல அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவங்களோட போய்த் தண்ணி எடுத்துக் குடிச்சார். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடலாம்னு நகராட்சி ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்துச்சு, ஆனா நடைமுறைக்கு வரல. குடிச்சதுக்கு அவங்க மேல தாக்குதல் நடந்துச்சு. அப்புறம் ஆதிக்க சாதிக்காரங்க பஞ்சகவ்யம் ஊத்திக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணாங்க. விஷயம் கோர்ட்டுக்குப் போய், 1937-ல பம்பாய் உயர் நீதிமன்றம் வரைக்கும் இழுத்துத்தான் உரிமை உறுதியாச்சு.

நம்ம சென்னை மாகாணத்துல 1938-ல ஒரு சட்டம் வந்துச்சு. எம்.சி. ராஜா முன்னெடுத்த சமூகத் தகுதிக் குறைகளை நீக்கும் சட்டம். பொதுக் கிணறு, குளம், பாதை மாதிரி இடங்கள்ல சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாதுன்னு.

1950 ஜனவரி 26-ல அமலுக்கு வந்த அரசியலமைப்புல 15-ஆவது பிரிவு. அதோட ரெண்டாவது உட்பிரிவை எடுத்துப் படிச்சுப் பாருங்க. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம்னு எதைக் காட்டியும் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களோட பட்டியல் இருக்கு. கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை. அதுக்கு நடுவுல, பேர் சொல்லி, குளிக்கிற படித்துறை. ஒரு நாட்டோட உச்சபட்ச சட்டத்துல படித்துறையைத் தனியா எழுத வேண்டியிருந்துச்சுன்னா, அந்தப் படியில என்ன நடந்துக்கிட்டு இருந்திருக்கும்னு யோசிங்க.

இப்ப ஒரு நிமிஷம் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கேயும் வெள்ளையர்களுக்கு மட்டும்னு பொது நீச்சல் குளங்கள் இருந்துச்சு. எல்லாருக்கும் திறக்கணும்னு நீதிமன்றங்கள் சொன்னதும், சில நகரங்கள் என்ன பண்ணுச்சு தெரியுமா? குளத்தையே மூடுச்சு. மான்ட்கோமரியில 1959-ல பூங்காக்களையே பூட்டி, நீச்சல் குளத்துல மண்ணைக் கொட்டுனாங்க. மிசிசிப்பியோட ஜாக்சன் நகரம் மூடினது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1971-ல அஞ்சுக்கு நாலு நீதிபதிகள், மூடினது செல்லும்னு தீர்ப்பு சொன்னாங்க. கூடச் சேர்ந்து குளிக்கிறதைவிட யாருமே குளிக்காம இருக்கிறது பரவாயில்லைன்னு எடுத்த முடிவு. அந்தக் காலிக் குளத்தைப் போட்டோ எடுத்தா அதுவும் அழகான லிமினல் ஸ்பேஸ்தான். படத்துல அந்த முடிவு தெரியாது.

நம்ம ஊர்ல அப்படி நடந்துச்சுன்னு நான் சொல்லல. நான் சொல்றது வேற. நம்ம படித்துறைகள் சட்டப்படி எல்லாருக்கும் திறந்த அதே தலைமுறைகள்லதான், வசதி உள்ளவங்க வீட்டுக்குள்ள பாத்ரூம் கட்டிக்கிட்டாங்க. துறை பொதுவா ஆன நேரத்துல அதுக்குக் கூட்டம் குறைஞ்சு, அதைப் பார்த்துக்க ஆளும் குறைஞ்சாங்க. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சது இல்லை. ஆனா கடைசியா உள்ளே வந்தவங்களுக்குக் கிடைச்சது தூர்ந்த குளம்.

காலியைப் படிக்கிறது

மொகஞ்சதாரோ பெருங்குளம் ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடப் புத்தகத்துல பார்த்த படம். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். தண்ணி கசியாம இருக்க செங்கல்லுக்குப் பின்னாடி நிலக்கீல் பூச்சு. 1925-26-ல தோண்டி எடுத்தாங்க. எப்படிக் கட்டுனாங்கன்னு இன்ச் இன்ச்சா தெரியும். யாரு குளிச்சாங்க, யாரைக் கரையோட நிறுத்துனாங்கன்னு சொல்ல அங்க ஒரு குரலும் மிச்சமில்லை. அதான் அந்தப் படம் அவ்வளவு அமைதியா இருக்கு.

திருமுக்குளத்துக்கும், உங்க ஊர்க் கண்மாய்க்கும் அந்த நிலைமை இன்னும் வரல. அந்தப் படியில இறங்கினவங்க இருக்காங்க. அந்தப் படியில இறங்க விடாம நிறுத்தப்பட்டவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் வயசாயிட்டு இருக்கு. ஒரே குளத்தைப் பத்தி ரெண்டு பேரும் சொல்ற கதை ஒரே மாதிரி இருக்காது.

அதனால இந்த எபிசோடுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க ஊர்ல காலியா கிடக்கிற ஒரு படித்துறையைப் போட்டோ எடுங்க, தாராளமா ஃபில்டர் போட்டு ஸ்டோரி வையுங்க. அப்புறம் மூணு கேள்வி கேளுங்க. இதுக்குத் தண்ணி எந்த வழியா வந்துச்சு? இங்க வர்றதை யாரு, எப்போ, ஏன் நிறுத்துனாங்க? இங்க வரவே கூடாதுன்னு யாரைச் சொன்னாங்க? மூணாவது கேள்விக்கு உங்க தெருவுலயே பதில் கிடைக்கலன்னா, அடுத்த தெருவுல போய்க் கேளுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கு அனுப்புங்க, அனுமதி வாங்கிட்டு. வர்ற குரல்களை வச்சு ஒரு தனி எபிசோட் பண்ணலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.